கரிசல் மண்ணுல வீடு: கல் செலவை மிச்சம் பிடிக்கிறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



மனை பாக்கப் போனா நாம கேக்குற கேள்விகள் எல்லாருக்கும் மனப்பாடம். சென்ட் என்ன விலை? பட்டா தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா? டிடிசிபி அப்ரூவல் இருக்கா? ரோடு எத்தனை அடி? இந்த லிஸ்ட்ல எப்பவும் விட்டுப்போற கேள்வி ஒண்ணு இருக்கு. கீழ இருக்கிறது என்ன மண்ணு?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கம் பிறந்தவங்களுக்கு இதைத் தனியா சொல்ல வேண்டியதில்லை. கி. ராஜநாராயணன் வாழ்நாள் முழுக்க எழுதின அதே கரிசல் பூமி. கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்கள்லயும் பல இடங்கள்ல இதே கருப்பு மண்ணு இருக்கு. பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் இது தங்கமான மண்ணு. ஆனா பருத்திக் காட்டைப் பிளாட் போட்டு வித்தா, பருத்திக்கு நல்லா இருந்த அதே குணம் வீட்டுக்கு எமனா வந்து நிக்குது.

சமீப காலமா இதைப் பத்தி நிறைய பேர் கேக்குற கேள்வி இது: "எங்க இடம் கரிசல் மண்ணு. அதையே சுண்ணாம்பு, ஃப்ளை ஆஷ் எல்லாம் கலந்து கல்லா அடிச்சு வீடு கட்டலாம்னு சொல்றாங்க. செங்கல் செலவு மிச்சமாகுமா?"

கல் அடிக்க முடியும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா மிச்சமாகுமா, எவ்வளவு மிச்சமாகும், அந்த மிச்சம் கடைசி வரைக்கும் கையில நிக்குமா? அதுக்குக் கணக்குப் போடணும். வாங்க, பொறுமையா போட்டுப் பாக்கலாம்.

முதல்ல, இந்த மண்ணு ஏன் உப்புது?

கரிசல் மண்ணுல மான்ட்மோரிலோனைட்னு ஒரு களிமண் கனிமம் நிறைய இருக்கு. மைக்ரோஸ்கோப்ல பாத்தா மெல்லிசான தாளுகளை அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். தாளுக்குத் தாள் பிடிப்பு ரொம்பக் கம்மி. மழை பெஞ்சா தண்ணி அந்த இடுக்குல போய் உக்காந்துக்கும். அவலை ஊறப் போட்டா எப்படி உப்புதோ, அப்படி மண்ணு உப்பும். பங்குனி, சித்திரை வெயில்ல அந்தத் தண்ணி வெளிய போகும்போது சுருங்கி, பாளம் பாளமா வெடிக்கும். கை நுழையுற அளவுக்கு விரிசல் விழுந்த காட்டை நீங்களே பாத்திருப்பீங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில மேல தூக்கும், கோடையில கீழ இறங்கும். வருஷா வருஷம் இதே கதை. வீடு மொத்தமா ஒரே அளவுல ஏறி இறங்கினா கூட சமாளிச்சிடலாம். பிரச்சனை என்னன்னா, வெளிச்சுவர் பக்கம் ஈரம் சீக்கிரம் மாறும், வீட்டுக்கு நடுவுல மெதுவா மாறும். அதனால ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் அப்படியே இருக்கும். சுவர் இதைத் தாங்காது. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு கோடு விழும். மழைக்காலத்துல கதவு சட்டத்துல மாட்டிக்கும், கோடையில தானா சரியாகும்.

இந்த விரிசலுக்கு யார் பணம் கொடுப்பாங்க?

சம்பளம் வாங்குற நாம கவனிக்க வேண்டிய இடம் இது.

40 லட்சம் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 வருஷம்னு வச்சுக்குவோம். இஎம்ஐ மாசம் சுமார் ₹34,700. மொத்தமா நீங்க கட்டுறது சுமார் 83.3 லட்சம். அதாவது இந்தக் கடன்ல சேருற ஒவ்வொரு 1 லட்சத்துக்கும் 20 வருஷத்துல சுமார் 2.08 லட்சம் கட்டுறீங்க.

அஞ்சாவது வருஷம் விரிசல் பெருசாகி, ரிப்பேருக்கு 5 லட்சம் தேவைப்படுதுன்னு வைங்க. அவசரத்துக்கு 14% வட்டியில 5 வருஷ பர்சனல் லோன் எடுத்தா மாசம் சுமார் ₹11,630. ஏற்கனவே கட்டுற 34,700ஓட இதையும் சேத்தா மாசம் 46,000க்கு மேல. இதுல இன்னொரு வேதனை இருக்கு. கீழ மண்ணு அப்படியே இருக்கும்போது மேல பூசி மறைச்சா, ரெண்டு மழைக்காலத்துல அதே கோடு திரும்ப வந்துடும்.

"இன்சூரன்ஸ் இருக்கே?"னு கேப்பீங்க. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் தரணும்னு ஐஆர்டிஏஐ கொண்டு வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியை எடுத்துக்குங்க. வீடு நிக்கிற நிலம் தாழ்ந்து போறதுக்கு அதுல கவர் இருக்கு. ஆனா விலக்குகளைப் படிங்க. சாதாரண விரிசல், புதுக் கட்டடம் அமர்றது, மேடு போட்டு நிரப்பின மண்ணு நகர்றது, தப்பான டிசைன், மோசமான வேலை, தரமில்லாத பொருள், இதுனால வர்ற சேதத்துக்கு கவர் கிடையாது. கரிசல் மண்ணு விரிசல் கிளெய்ம் பெரும்பாலும் இந்த விலக்குகள்ல தான் போய் முட்டும்.

பேங்க் வேல்யூயர் வந்து பாத்துட்டுத் தானே கடன் கொடுத்தாங்கன்னு நினைக்காதீங்க. அவர் பாக்குறது டாக்குமென்ட்டும் மார்க்கெட் மதிப்பும் வேலை எந்த ஸ்டேஜ்ல இருக்குங்கிறதும். உங்க மண்ணோட குணம் உங்க பொறுப்பு.

அதனால முதல் செலவு: சாயில் டெஸ்ட்

டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி காசில்லாம செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. மனையைக் கோடையில ஒரு தடவை, நல்ல மழைக்கு அப்புறம் ஒரு தடவை போய்ப் பாருங்க. அக்கம்பக்கத்துல அஞ்சு, பத்து வருஷம் ஆன வீடுகளோட காம்பவுண்டுச் சுவரையும் ஜன்னல் மூலைகளையும் கவனிங்க. சாய்ஞ்ச காம்பவுண்டுச் சுவர் எந்தப் புரோக்கரும் சொல்லாத உண்மையைச் சொல்லும்.

அடுத்தது லேப். ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, ஐஎஸ் 2720 பகுதி 40ல வரும். ரொம்ப எளிமையான டெஸ்ட். சலிச்சு காயவச்ச மண்ணு 10 கிராம் எடுத்து தண்ணி இருக்கிற ஒரு அளவு ஜாடியில போடுவாங்க. இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெய் இருக்கிற ஜாடியில போடுவாங்க. மண்ணெண்ணெய்ல களிமண்ணு உப்பாது, தண்ணியில உப்பும். 24 மணி நேரம் கழிச்சு ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு சதவீதத்துல சொல்வாங்க.

அந்த எண்ணை எப்படிப் படிக்கிறது? ஐஎஸ் 1498 படி,

- 50%க்குக் கீழ: பெரிய கவலை இல்லை
- 50 முதல் 100%: நடுத்தரம், ஜாக்கிரதை வேணும்
- 100 முதல் 200%: அதிகம், சாதாரண அஸ்திவாரம் வேண்டாம்
- 200%க்கு மேல: ரொம்ப ஆபத்து

இந்த ஒரு டெஸ்ட் மட்டும்னா செலவு கம்மி. பல அரசு, தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளோட சிவில் துறை லேப்லயே செய்றாங்க. போர் போட்டு முழு சாயில் ரிப்போர்ட் வாங்கினாலும், நாம மேல பாத்த 40 லட்சக் கடனோட ஒரு மாச இஎம்ஐக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும். ரெண்டு, மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கிப் பாருங்க. மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா இன்னும் நல்லது. ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு விலை பேசலாம், இல்லைன்னா வேற மனை பாக்கலாம்.

அஸ்திவாரம் ஒரு கணக்கு, கல் இன்னொரு கணக்கு

இங்க தான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. மண்ணைக் கல்லா மாத்திட்டா கரிசல் பிரச்சனை தீந்துடும்னு நினைக்கிறாங்க. நீங்க கல்லா மாத்துறது தோண்டி எடுத்த மண்ணை மட்டும் தான். வீட்டுக்குக் கீழ இருக்கிற மண்ணு அப்படியே தான் இருக்கும். எவ்வளவு நல்ல கல்லா இருந்தாலும் கீழ தூக்குற மண்ணை அது தடுக்காது.

கீழ இருக்கிற மண்ணுக்குத் தீர்வு வேற. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதுக்காகவே அண்டர் ரீம்டு பைல் முறையை உருவாக்கிக் கொடுத்தது. தூண் மாதிரி ஒரு துளை போட்டு, அடியில தண்டோட விட்டத்தை மாதிரி சுமார் இரண்டரை மடங்கு அகலமா ஒரு குமிழ் எடுத்து கான்கிரீட் போடுவாங்க. ஆழமான கரிசல்ல குறைஞ்சது 3.5 மீட்டர் போகணும்னு ஐஎஸ் 2911 பகுதி 3 சொல்லுது. அந்த ஆழத்துக்குக் கீழ மழையும் வெயிலும் மண்ணை அவ்வளவா மாத்தாது. குமிழ் அங்க பிடிச்சுக்கும், மேல மண்ணு ஆடினாலும் வீடு ஆடாது.

கருப்பு மண்ணைக் கொஞ்ச ஆழத்துக்கு எடுத்துட்டு, உப்பாத நல்ல மண்ணை அடுக்கடுக்கா கொட்டி இறுக்குறது இன்னொரு வழி. ஐஐடி பம்பாய் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இதை முறைப்படுத்தினார். உங்க மனைக்கு எது சரிங்கிறதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சாயில் ரிப்போர்ட்டைப் பாத்து முடிவு பண்ணணும். மேஸ்திரியோட அனுபவம் பெருசு தான், ஆனா இந்த முடிவை அவர் தலையில போடாதீங்க.

அஸ்திவாரத்துக்கான பணத்தைத் தனியா எடுத்து வச்சாச்சா? சரி, இப்போ கல்லுக்கு வருவோம்.

கரிசலைக் கல்லா மாத்துறது எப்படி வேலை செய்யுது?

மண்ணை இறுக்கி, கொஞ்சம் சிமென்ட் சேத்து, சூளையில சுடாம கல்லாக்குறது புதுசு கிடையாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல 1974ல தொடங்கின அஸ்த்ரா திட்டத்துல பேராசிரியர் கே.எஸ். ஜகதீஷ் குழு இதுல பல வருஷம் வேலை செஞ்சது. நம்ம பக்கத்துல ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இதையே பாடமா சொல்லிக் கொடுக்குது.

ஆனா ஆரோவில்ல நீங்க பாத்து ஆசைப்படுற அந்தச் சிவப்புக் கல், மணல் கலந்த செம்மண்ணுல செஞ்சது. சிமென்ட் சேக்குற கல்லுக்கு அவங்க நல்ல மண்ணுன்னு சொல்றது சுமார் 50% மணலும் 20% களிமண்ணும் இருக்கிற மண்ணு. கரிசல்ல களிமண்ணு பாதி வரைக்கும் போகும். வெறும் 5% சிமென்ட் போட்டா அந்தக் களிமண்ணைச் சமாளிக்க முடியாது. காயும்போதே கல்லு வெடிச்சிடும்.

களிமண்ணுக்கு ஏத்த ஆளு சுண்ணாம்பு. அது ரெண்டு கட்டமா வேலை செய்யுது. முதல் சில மணி நேரத்துல சுண்ணாம்புல இருக்கிற கால்சியம், களிமண் தாளுகளோட ஒட்டியிருக்கிற சோடியத்தைத் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். பிசுபிசுன்னு இருந்த மண்ணு பொலபொலன்னு மாறும், தண்ணி இழுக்கிற பசி குறையும். ரெண்டாவது கட்டம் மெதுவா, வாரக்கணக்கா, மாசக்கணக்கா நடக்கும். சுண்ணாம்பு களிமண்ணுல இருக்கிற சிலிக்கா, அலுமினாவோட சேந்து, சிமென்ட்ல உருவாகுற மாதிரியே ஒரு பசையை உருவாக்கும். நம்ம ஊர் சூடு இந்த வேலைக்கு உதவி தான்.

சுண்ணாம்பு எத்தனை சதவீதம்? பொதுவா 6% பக்கத்துல வரும், 10%ஐத் தாண்டுறது அபூர்வம். ஆனா மண்ணுக்கு மண்ணு மாறும். லேப்ல மண்ணுல சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, பிஹெச் 12.4 எட்டுற குறைஞ்ச அளவு எதுன்னு பாப்பாங்க. அங்க இருந்து டிரையல் ஆரம்பிக்கலாம்.

கழிவுப் பொருள் எதுக்கு? இலவசமா?

சுண்ணாம்பு மட்டும் போட்டாலும் கல் வரும். கழிவுப் பொருளைச் சேக்குறதுக்குக் காரணம், விலை ஏறின பொருளைக் குறைக்கிறதும் களிமண்ணோட பங்கைக் குறைக்கிறதும் தான்.

ஃப்ளை ஆஷ்: அனல் மின் நிலையச் சாம்பல். தென் மாவட்டங்களுக்குத் தூத்துக்குடி பக்கம். சிலிக்கா, அலுமினா நிறைஞ்சது. உப்பாது, சுண்ணாம்போட சேந்து பசையாகும். நெய்வேலி சாம்பல் லிக்னைட்ல இருந்து வர்றதால அதுல கால்சியம் அதிகம். ரெண்டுக்கும் ஒரே கலவை சரிப்படாது.

ஜிஜிபிஎஸ்: இரும்பு ஆலைக் கசடை நைசா அரைச்ச பொடி. சுண்ணாம்பு கொஞ்சம் பட்டாலே நல்லா இறுகும். மண்ணுல ஜிப்சம் மாதிரி சல்பேட் இருந்தா, சுண்ணாம்பு மட்டும் போடும்போது எட்ரிங்கைட்னு ஒரு படிகம் உருவாகி கல்லையே உப்ப வச்சிடும். அந்த ஆபத்தைக் குறைக்கிறதுல ஜிஜிபிஎஸ் கெட்டி. அதனால லேப்ல சல்பேட் டெஸ்டையும் மறக்காம கேளுங்க.

உமிச் சாம்பல்: அரிசி ஆலை பாய்லர்ல இருந்து வரும். சரியான சூட்டுல எரிச்சது நல்ல பொருள். கன்னங்கரேல்னு கரி நிறைய இருக்கிற சாம்பல் தண்ணியை இழுக்கும், பலம் தராது.

குவாரி டஸ்ட்: கிரஷர்ல மிஞ்சுற தூள். பசை கிடையாது. ஆனா கரிசல்ல இல்லாத மணல் பங்கை இது தான் கொடுக்கும். கல்லு காயும்போது சுருங்குறதைக் குறைக்கிறதுல இதோட பங்கு பெருசு.

கழிவுன்னு பேர் இருந்தாலும் லாரி வாடகை கழிவு விலைக்கு வராது. பொருளோட விலையைக் கேக்காதீங்க, "சைட்ல இறக்கி என்ன விலை?"ன்னு கேளுங்க. அப்புறம் இன்னொரு எச்சரிக்கை. சாயப்பட்டறைச் சேறு, பேர் தெரியாத தொழிற்சாலைக் கழிவு, இதையெல்லாம் யாராவது சும்மா தர்றேன்னா வாங்காதீங்க. உப்பும் உலோகமும் இருக்கலாம். நீங்க குடியிருக்கப் போற வீட்டுச் சுவர் அது.

5,000 கல்லுக்குக் கணக்கு

800 சதுர அடி, பில்லர் போட்டுக் கட்டுற ஒரு வீட்டை எடுத்துக்குவோம். 29 × 14 × 9 சென்டிமீட்டர் கல், ஒண்ணு சுமார் 7 கிலோ. சுவருக்குச் சுமார் 5,000 கல். மொத்த எடை 35 டன். கணக்குப் புரியறதுக்காக ஒரு கலவையை வச்சுக்குவோம். இதை அப்படியே சைட்ல போட்டுடாதீங்க, உங்க மண்ணுக்கு லேப் சொல்ற கலவை தான் உங்களுக்கு.

- சுண்ணாம்பு 6%: 2.1 டன்
- ஃப்ளை ஆஷ் 20%: 7 டன்
- குவாரி டஸ்ட் 35%: 12.25 டன்
- கரிசல் மண்ணு 39%: 13.65 டன்

இதுல ரெண்டு விஷயம் தெரியுது.

ஒண்ணு, "மண்ணு ஃப்ரீ"ங்கிறது கல்லோட எடையில பாதி கூட இல்லை. மீதி எல்லாம் காசு கொடுத்து லாரியில வர்ற பொருள். ஆளு கூலி, மெஷின் வாடகை, உடையுற கல்லு தனி.

ரெண்டு, 13.65 டன் மண்ணுங்கிறது தோண்டுற அளவுல சுமார் 310 கன அடி. நம்ம ஊர்க் கணக்குல மூணு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. 800 சதுர அடிக்கு 3 அடி கருப்பு மண்ணை எடுத்தா 2,400 கன அடி, அதாவது 24 யூனிட் வெளிய வரும். அதுல கல்லுக்குப் போறது சுமார் எட்டுல ஒரு பங்கு தான். மீதி 20 யூனிட்டுக்கு மேல எங்க கொட்டுறதுன்னு பட்ஜெட்ல தனியா ஒரு வரி எழுதி வைங்க.

சுற்றுச்சூழல் கணக்கையும் நேர்மையா போடுவோம். சூளையில சுடாததால விறகும் நிலக்கரியும் மிச்சம், உண்மை தான். ஆனா சுண்ணாம்பும் சும்மா வரலை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதுல இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும். நம்ம 2.1 டன் நீத்த சுண்ணாம்புக்கு அது மட்டும் சுமார் 1.2 டன், எரிபொருள் புகை தனி. அதனால சுண்ணாம்பைக் கூட்டிக்கிட்டே போனா பசுமைக் கல்லுங்கிற பேர் மட்டும் தான் மிஞ்சும். லேப் டிரையல் போட்டு குறைஞ்ச அளவைக் கண்டுபிடிக்கிறது பர்ஸுக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது.

மிச்சத்தைத் தின்னுற ஆளு: தாமதம்

சந்தையில கிடைக்கிற கல்லோட ஒப்பிட்டா, எல்லாச் செலவும் போக உங்களுக்குக் கல்லுக்கு ₹4 மிச்சம்னு வைங்க. 5,000 கல்லுக்கு ₹20,000. கேக்க நல்லா இருக்கு.

இப்போ கல்லு தயாராகாம வேலை ஒரு மாசம் தள்ளிப்போகுதுன்னு வைங்க. வாடகை வீட்டுக்கு ₹12,000. பேங்க் அதுவரைக்கும் 15 லட்சம் ரிலீஸ் பண்ணியிருந்தா, 8.5%ல ஒரு மாச வட்டி ₹10,625. மொத்தம் ₹22,625. மிச்சம் பிடிச்ச இருபதாயிரம் போய், கைக்காசு 2,600 வேற போச்சு.

சுண்ணாம்புக் கல்லுக்கு 28 நாளாவது ஈரத்துல வச்சிருக்கணும். அவசரப்பட முடியாது. அதனால வரிசையை மாத்துங்க. கடன் முதல் தவணை வர்றதுக்கு முன்னாடியே, பிளான் அப்ரூவலுக்குக் காத்திருக்கிற நேரத்துல, லேப் டிரையலை முடிங்க. தண்ணித் தொட்டிக்குத் தோண்டுற குழியை முதல்ல தோண்டுங்க. 10 × 8 × 5 அடி சம்ப்புன்னா 400 கன அடி. வேரும் மட்கும் இருக்கிற மேல் ஒரு அடியைத் தோட்டத்துக்குத் தள்ளினாலும் 320 கன அடி கிடைக்கும். நமக்குத் தேவை 310. கல்லு இறுகுற அந்த ஒரு மாசத்துல அஸ்திவார வேலை ஓடட்டும். தாமதம் இல்லைன்னா அந்த ₹20,000 உங்க பாக்கெட்ல நிக்கும்.

மழைக்காலத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க. ஈரக் கரிசலைத் தூளாக்க முடியாது. கட்டி உடையாத மண்ணுக்குள்ள சுண்ணாம்பு போகாது.

வேலை நடக்கும்போது எதைக் கவனிக்கணும்?

மண்ணு நல்லா காஞ்சு, உடைச்சு, சலிச்சிருக்கணும். சுண்ணாம்பு புதுசா, காத்துப் போகாத மூட்டையில இருக்கணும். மாசக்கணக்கா திறந்து கிடந்த சுண்ணாம்பு காத்தோட சேந்து செத்துப்போயிருக்கும், எடை இருக்கும், வேலை செய்யாது. மண்ணையும் சுண்ணாம்பையும் கலந்து, ஈரப்படுத்தி, மூடி ஒரு நாள் விட்டுட்டு, அப்புறம் ஃப்ளை ஆஷும் டஸ்டும் சேத்து மெஷின்ல போடணும். சிமென்ட்டும் சேக்கச் சொன்னா அதைக் கடைசியில சேத்து உடனே கல்லா அடிச்சிடணும், ஊற விடக்கூடாது. அடிச்ச கல்லை நிழல்ல அடுக்கி, ஈரச் சாக்கு, தார்ப்பாய் போட்டு மூடி வைக்கணும். சுண்ணாம்பு கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. வேலை செய்றவங்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

28 நாள் கழிச்சு ஒரு கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணியில போட்டு எடுங்க. கரைஞ்சாலோ, நகத்தால கீறினா வழிஞ்சாலோ அந்தக் கலவை வேண்டாம். அப்புறம் லேப்ல நனைச்ச கல்லோட பலத்தைக் கேளுங்க. காஞ்ச மண் கல்லு எப்பவுமே நல்ல எண் காட்டும், நனைஞ்சா பாதிக்கு இறங்கிடும். சுட்ட செங்கலுக்கு ஐஎஸ் 1077ல கீழ்மட்ட வகுப்பே 3.5 நியூட்டன்/சதுர மில்லிமீட்டர். நனைச்ச நிலையில அதைத் தொடாத கல்லுல ஏன் வீடு கட்டணும்? மண் கல்லுக்குன்னே ஐஎஸ் 1725 இருக்கு, அதுப்படி டெஸ்ட் ரிப்போர்ட் கொடுங்கன்னு கேளுங்க.

கட்டும்போதும் தரைமட்டத்துல இருந்து பேஸ்மென்ட் வரைக்கும் இந்தக் கல் வேண்டாம். கருங்கல்லோ கான்கிரீட்டோ போட்டு, அதுக்கு மேல டிபிசி வச்சு ஆரம்பிக்கணும். வீட்டைச் சுத்தி சரிவா ஒரு சிமென்ட் தளம் போடுங்க. மழைநீர் சேகரிப்புக் குழியையும் செப்டிக் டேங்கையும் சுவர் ஓரத்துல வைக்காதீங்க. கரிசல் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இடத்துல மட்டும் ஈரம் நிக்கிறது தான் எதிரி.

அப்போ யாருக்கு இது ஒத்துவரும்?

சொந்த ஊர்ல மனை, கீழ்த்தளம் மட்டும் கட்டுற பிளான், கல் அடுக்கி வைக்க இடம், ஃப்ளை ஆஷும் டஸ்டும் பக்கத்துல கிடைக்குது, தினமும் சைட்ல நிக்க வீட்டுல நம்பகமான ஆள் இருக்கு. இத்தனையும் உங்களுக்கு இருந்தா, தாராளமா செய்ங்க. பணமும் மிச்சம், மண்ணும் உபயோகமாகுது.

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பாத்துக்கிட்டு, மாசம் ஒரு தடவை சைட்டுக்குப் போற ஆளா? அப்போ சந்தையில டெஸ்ட் ரிப்போர்ட்டோட கிடைக்கிற ஃப்ளை ஆஷ் கல்லை வாங்குங்க. அதுலயும் கழிவுப் பொருள் தான் இருக்கு, யாரோ ஏற்கனவே தரக்கட்டுப்பாடு பண்ணி வச்சிருக்காங்க. உங்க கவனத்தையும் லீவு நாளையும் அஸ்திவாரத்துல செலவு பண்ணுங்க.

அபார்ட்மென்ட் வாங்குறவங்களுக்குக் கல் கணக்கு தேவையில்லை. ஆனா பில்டர்கிட்ட சாயில் ரிப்போர்ட் காப்பியும், என்ன வகை அஸ்திவாரம்னும் கேளுங்க. கொடுக்கத் தயங்குறாங்கன்னா காரணத்தையும் கேளுங்க.

பணத்தை இந்த வரிசையில ஒதுக்குங்க

1. மனைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன்: ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட்
2. பிளான் போடுமுன்: முழு சாயில் ரிப்போர்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபீஸ்
3. கடன் தொகையை முடிவு பண்ணுமுன்: அஸ்திவாரத்துக்கும் மண்ணு அப்புறப்படுத்தவும் தனி வரி
4. கடைசியா: கல் எதுன்னு முடிவு, சைட்ல இறக்கின விலையில

நிறைய பேர் இதைத் தலைகீழா செய்றாங்க. கல்லுல நாலு ரூபா குறைக்க நாலு வாரம் அலைவாங்க, சாயில் டெஸ்டை "பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கலையே"ன்னு விட்டுடுவாங்க. கல் விலையில தப்பு பண்ணினா நஷ்டம் சில ஆயிரத்தோட நிக்கும். அஸ்திவாரத்துல தப்பு பண்ணினா அந்த நஷ்டம் இஎம்ஐ கூடவே 20 வருஷம் வரும்.

ஊர்ல மனை வாங்கப் போற நண்பருக்கு இதை அனுப்பி வைங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அனுப்பினா ரொம்ப நல்லது. அடுத்த பதிவுல, வீட்டுக் கடன் தவணை தவணையா வரும்போது ப்ரீ இஎம்ஐ கட்டுறதா, முழு இஎம்ஐ ஆரம்பிக்கிறதான்னு பாக்கலாம்.